கரி குறையாத வாளி

விடிய ஆறு மணிக்கு பஸ்தியாம்பிள்ளை குசினிக்கு இறங்கி வந்தபோது, முதல் நாள் மாலை அவர் நிரப்பி வைத்த நிலக்கரி வாளி நிரம்பியபடியே இருந்தது. அடுப்போ செக்கச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

நடக்கக் கூடாத காரியம் அது. அந்தப் பழைய இரும்பு அடுப்பு தீனி இல்லாமல் ஒரு இரவு முழுக்கத் தாங்காது. படுக்கப் போகுமுன் இரும்புச் சவளால் இரண்டு தரம் கரி அள்ளிப் போட்டு, சாம்பலால் மூடி, புகைக்கதவை முக்கால்வாசி சாத்திவிட்டுப் போனால், விடிய வரும்போது கம்பித் தட்டின் மூலையில் ஒரு பிடி தணல் மிஞ்சியிருக்கும். அதை ஊதிப் பெருக்கி, வாளியில் உள்ள கரியைப் போட்டால்தான் அன்றைய நெருப்பு. நவம்பரில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். இன்றைக்கு அடுப்பின் மேலேயிருக்கும் இரும்பு வளையங்களின் விளிம்புகூடச் சிவந்திருந்தது.

அடுப்புக்கு அடியில் சாம்பல் விழும் லாச்சியை இழுத்துப் பார்த்தார். முட்ட நிரம்பியிருந்தது. நேற்றுப் பின்னேரம்தான் அதைத் தன் கையால் வெளியே கொட்டிவிட்டு வந்திருந்தார்.

"கிறேஸ், நீர் இரவு எழும்பி அடுப்புக்குக் கரி போட்டனீரோ?"

மனைவி மேரிகிறேஸ் மரப்படியில் நின்றபடி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நானோ? உந்தக் குளிருக்குள்ள நான் ஏன் எழும்புறன்? நீங்கள்தான் போட்டிருப்பியள். போட்டிட்டு மறந்துபோனியள்."

ஐம்பத்து நாலு வயது. மறதி வரக்கூடிய வயதுதான். ஆனால் நெருப்பு விஷயத்தில் மறக்கிற ஆளில்லை அவர். தலைமன்னார் ரயில் பாதையில் கரி எஞ்சின் ஓடிய காலத்தில் பதின்மூன்று வருடம் கரி அள்ளிப் போடும் பயர்மனாக நின்றவர். எத்தனை சவள் கரிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு சாம்பல், எவ்வளவு கிட்டம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அகதிகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்த பெண், "டவுனில் இடம் கிடைக்கும்வரைதான்" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி இந்த அடுப்பைக் காட்டியபோது, அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு அவளே வியந்துபோனாள்.

டென்மார்க்கின் இக்காஸ்ட் டவுனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வயல்களுக்கு நடுவே தனித்த செங்கல் வீடு. அந்த அடுப்பைத் தவிர வீட்டில் வேறு சூடு கிடையாது. அவர் வாரத்துக்கு ஒரு தடவை பின்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து புகைவழிக் கரியைச் சுரண்டி எடுப்பார். தகடு துருப்பிடிக்காமல் கறுப்பு மை பூசித் தேய்ப்பார். அந்த இரும்பை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

அன்று இரவு ஒரு சோதனை செய்தார். லாச்சியை வெறுமையாக்கிவிட்டு, ஒரு துண்டுக் கரியும் போடாமல், மூடாமல், அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

விடிய நெருப்பு முந்திய நாளைவிட நன்றாக எரிந்தது. லாச்சி நிறையச் சாம்பல்.

குந்தியிருந்து அந்தச் சாம்பலை விரலால் அளைந்தார். நிலக்கரிச் சாம்பல் மண் நிறமாக இருக்கும், நறநறக்கும், உருகி இறுகிய கிட்டம் கையில் தட்டுப்படும், கந்தகம் மூக்கில் ஏறும். இது வெள்ளை வெளேரென்று, அரிசி மாவைப்போல மிருதுவாக, பாரமே இல்லாமல் இருந்தது. மணம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. பழகிய மணம். சூடான இஸ்திரிக்கைக்குக் கீழே பருத்திச் சேலையில் எழும்புமே, அந்த மாதிரி. அதோடு கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் வெளியே சன்னல் கண்ணாடியில் விரல் தடிப்புக்கு உறைபனி படிந்திருந்தது, உள்ளே வீடு கதகதவென்றிருந்தது, கேத்திலில் தண்ணீர் தானாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழமை அவர் யோசிக்காமலே இருந்துவிட்டார். காலையில் லாச்சியைக் கொட்டுவதும், எட்டு மணி பஸ்ஸில் டெனிஷ் வகுப்புக்குப் போவதும், மூன்றரைக்கு இருட்டத் தொடங்கும்போது திரும்பி வருவதுமாக நாட்கள் போயின. கரி வாளியில் மெல்லிய தூசி படிந்தது.

மேரிகிறேஸ்தான் குளிருதென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் சால்வை. பிறகு சால்வைக்கு மேல் அவருடைய கோட். பிறகு கதிரையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மறுநாள் இன்னும் கிட்ட. வேர்த்துக் கொட்டுகிற அந்தக் குசினியில் அவளுடைய உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது.

"காய்ச்சலோ? டொக்டரிட்டப் போவமே?"

"காய்ச்சல் இல்லை. வடிவாச் சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன். உள்ளுக்குள்ளதான் ஒரு வெறுமை மாதிரிக் குளிருது. அடுப்புக்குக் கிட்ட இருந்தால் பரவாயில்லை."

அவள் வடிவாகச் சாப்பிட்டாள் என்பது உண்மை. ஆனால் சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. இன்னொன்றையும் அவர் கவனித்தார், கவனித்த பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மாடிக்குப் போகும் மரப்படியில் நாலாவது பலகை, யார் கால் வைத்தாலும், பூனை ஏறினால்கூட, கிறீச்சென்று ஒரு முனகல் விடும். கட்டிலில் படுத்தபடி அவள் மேலே வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கைப்பிடியில் அவள் கை உரசும் சத்தம் வரும். சால்வைக் குஞ்சம் சுவரில் படும் சத்தம் வரும். பலகை சத்தமே போடாது.

ஜனவரி முதல் கிழமை பனி கொட்டித் தீர்த்தது. அன்று காலை அவர் சாம்பலைக் கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் ஏய்னர் டிராக்டரில் பாதையைத் துப்புரவாக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் கதைக்காத மனிதர். டிராக்டரை நிறுத்தி, பனியின் மேல் குவிந்திருந்த அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தார். பனிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"அஸ்க?" என்றார். சாம்பல் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். "நிறையவோ?"

"நிறைய," என்றார் பஸ்தியாம்பிள்ளை, தெரிந்த அரைகுறை டெனிஷில். "கரி இல்லை. சாம்பல் நிறைய."

ஏய்னர் திரும்பினார். குசினிச் சன்னலைப் பார்த்தார். உள்ளே மேரிகிறேஸ் அடுப்புக்கு முன்னால் குனிந்து இருப்பது மங்கலாகத் தெரிந்தது. அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மரியாதைக்கா, வேறெதற்கா, தெரியவில்லை.

"இனி அந்த நெருப்பை அணைய விடாதே," என்றார். இரண்டாம் தரமும் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, அதையே சொன்னார். பிறகு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாதை பாதியிலேயே கிடந்தது.

பஸ் வரவில்லை. பஸ் தரிப்பிடத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, பிறகு பால் வாங்கலாமென்று கிராமத்துக் கடை வரைக்கும் இடுப்பளவு பனிக்குள் நடந்து போய், அவர் திரும்பி வீட்டு வாசலுக்கு வரும்போது மணி நாலு. இருட்டிவிட்டது. குசினியில் விளக்குப் போடவில்லை. சன்னலில் சிவப்பு வெளிச்சம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் அந்த இஸ்திரிக்கை மணம், தேங்காயெண்ணெய் மணம், மூச்சு முட்டுகிற அளவுக்கு முகத்தில் அடித்தது.

அடுப்பின் வாய்க்கதவு திறந்திருந்தது.

மேரிகிறேஸ் தரையில் முழந்தாளிட்டு இருந்தாள். அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் நெருப்புக்குள் இருந்தது.

அலறவில்லை. முகம் சுளிக்கவில்லை. கன்னத்தை இரும்புத் தகட்டில் சாய்த்து, கண்ணை மூடி, குளிர் நாளில் வெந்நீருக்குள் கை வைத்தவளைப்போல இருந்தாள்.

பால் போத்தல் விழுந்து உடைந்தது. அவர் பாய்ந்து அவளைப் பின்னால் இழுத்தார். கை எரிந்திருக்கவில்லை. தோல் கருகவில்லை, ஒரு கொப்புளம்கூட இல்லை. தொட்டால் வெளியே கிடந்த பனியைவிடக் குளிர். அவர் பிடித்த இடத்தில் அவருடைய ஐந்து விரலும் பதிந்தன. பதிந்த பள்ளங்கள் திரும்ப எழும்பவில்லை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வெள்ளை மா.

"ஏன் இழுத்தனீங்கள்?" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. "இப்பதானே கொஞ்சம் சூடு பிடிச்சது."

"எத்தனை நாளா? கிறேஸ்! எத்தனை நாளா இப்பிடிச் செய்யிறீர்?"

"நீங்கள் வகுப்புக்குப் போனாப் பிறகு. பிறகு, நீங்கள் நித்திரையான நேரத்திலும்." யோசித்தாள். "நான் கரி போடேல்லையப்பா. கேட்டதுக்கு அதுதான் சொன்னன். கரி நான் தொடவேயில்லை."

அவளைக் கதிரையில் தூக்கி இருத்தினார். மூட்டை கட்டிய உடுப்பளவு பாரம்கூட இல்லை.

எஞ்சின் கொட்டகையில் ஓட்டம் முடிந்த எஞ்சினின் நெருப்பை இறக்குவது போல அந்த நெருப்பை இறக்கிவிடுவதென்று முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். புகைக்கதவைச் சாத்தினார். காற்றுத் துவாரத்தை அடைத்தார். கம்பியால் தணலை வாரி ஒரு தகர வாளிக்குள் இழுத்து, வாசலுக்குக் கொண்டு ஓடி, பனிக்குள் கவிழ்த்தார். ஒரு தரம். இரண்டு தரம். பனியில் விழுந்த தணல் உஸ்ஸென்று சீறவில்லை; ஒரு சத்தமும் இல்லாமல் வெளுத்து, பனியோடு பனியாகிவிட்டது.

மூன்றாம் தரம் உள்ளே வந்தபோது குசினி இருண்டிருந்தது. விளக்கைப் போட்டார். அதற்குள்ளாகவே சுவரிலிருந்து குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. அவருடைய மூச்சு வாயிலிருந்து புகையாக எழுந்தது.

மேரிகிறேஸின் வாயிலிருந்து எழவில்லை.

"விளக்கை நூத்திட்டியளோ?" என்றாள். "இருட்டாக் கிடக்கு."

விளக்கை இப்போதுதான் போட்டிருந்தார். அவள் அதற்கு நேர் கீழே இருந்தாள்.

"கிறேஸ். இஞ்ச பாரும். என்னைப் பாரும்."

"எங்க நிக்கிறியள்?"

குரல் கரைந்துகொண்டு போனது. பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி. பிறகு அதற்கும் அப்பாலிருந்து. சாய்ந்த தலையில் ஒரு பக்கத்து முடி நிறம் வெளுத்து, தோளில் தூளாகச் சொரிந்தது.

அணைய விடாதே.

அவர் அடுப்புக்கு ஓடினார். கம்பித் தட்டின் மூலையில் ஒரே ஒரு தணல், கொட்டைப்பாக்களவு. புகைக்கதவைத் திறந்தார். காற்றுத் துவாரத்தைத் திறந்தார். கடதாசியைக் கசக்கி வைத்தார், விறகுச் சிராய் அடுக்கினார், தூசி படிந்த வாளியிலிருந்து நல்ல கரியாகப் பொறுக்கி வைத்தார். ஊதினார். கண்ணில் தண்ணீர் வர ஊதினார். இழுப்பு நன்றாக இருந்தது, புகைபோக்கி ஊளையிட்டது. பதின்மூன்று வருடத்தில் ஒரு தரமும் அவர் கையில் நெருப்புப் பிடிக்காமல் போனதில்லை.

கடதாசி கருகவேயில்லை.

தீப்பெட்டி. குச்சி கிழித்தால் கையில் எரிந்தது. அடுப்பு வாய்க்குள் நீட்டினால் அணைந்தது. இன்னொன்று. அணைந்தது. இன்னொன்று.

தணல் இப்போது மிளகளவு.

"இஞ்சாருங்கோ," என்றாள் பின்னாலிருந்து. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். கதிரையில் கோட் இருந்தது. கோட்டுக்குள் சால்வை இருந்தது. சால்வைக்குள் இருந்த முகத்தில் கண் இரண்டும் அவரை நோக்கித் திறந்திருந்தன. கன்னத்தின் ஓரம் காற்றில் கலைந்துகொண்டிருந்தது.

பஸ்தியாம்பிள்ளை கடதாசியையும் சிராயையும் கரியையும் இழுத்து வெளியே எறிந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். அடுப்பு வாய்க்குள் கையை விட்டு, அந்தத் தணலை உள்ளங்கையால் பொத்தினார்.

சுடவில்லை.

குளிர்ந்தது. விரல் நுனியில் தொடங்கி எலும்பு வழியே மேலே ஏறுகிற, தாகமெடுத்த குளிர். பிறகு விரல்களுக்கு இடையில் சிவப்பு கசிந்தது. படர்ந்தது. பெரும் மூச்சு ஒன்றை இழுத்துக்கொண்டு நெருப்பு எழும்பியது. அவர் மணிக்கட்டைச் சுற்றி, முழங்கையைச் சுற்றி, பிரகாசமாக, ஒரு குறையுமில்லாமல் எரிந்தது. அவர் கண்ட நெருப்புகளிலெல்லாம் நல்ல நெருப்பு. குசினி எங்கும் சிவப்பு வெளிச்சம் பரவியது. கேத்தில் முணுமுணுக்கத் தொடங்கியது.

பின்னால் கதிரை கிறீச்சிட்டது. பாரமுள்ள ஒரு ஆள் அதிலிருந்து எழும்புகிற சத்தம். மரத்தரையில் காலடி, ஒவ்வொன்றும் அழுத்தமாக.

மேரிகிறேஸின் கை அவர் தோளில் வந்து பதிந்தது. சூடான கை.

"எடுத்திடாதேங்கோ," என்றாள் காதுக்குள். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு விடுங்கோ."

கீழே சாம்பல் லாச்சிக்குள், அரிதட்டில் மா அரிக்கிற ஓசையோடு, வெள்ளையாக ஏதோ விழத் தொடங்கியது.