மேசைமேல் வைத்த சுற்றறிக்கை

"குடிச்சிருப்பாளாக்கும். நாக்கு அப்படிக் குழறினா, வேற என்னத்த நினைக்க?"

"குடியா? எனக்க தங்கச்சியா? சாரே, அது களியாக்கினது, கேலி செய்தது. இன்ஸ்பெக்டருக்க மூஞ்சிக்கு முன்ன நின்னு அவருக்க மலையாளத்தைக் களியாக்கினது. நாளைக்கு ஊர்வலத்துல அவளுக்க பேரச் சொல்லித்தான் கோஷமே."

"கோஷம் போட்டா வேலை நிலைக்குமா, எலே?"

பாறசாலைச் சந்தைக்குப் பின்னாலிருந்த இரண்டறை ஆஸ்பத்திரியில் டாக்டர் லீலாபாய் இருவரையும் தடுக்காமல் பேசவிட்டார். முதலில் பேசியவர் காரோடு ஊர் மிஷன் பள்ளியின் மேனேஜர் ஈசாக். எதிர்த்து நின்றவன் சுந்தரதாஸ்; மலையாள அரசின் கீழிருந்த தமிழ்ப் பகுதிகளை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராக மேடை போடுகிறவன். அவன் தங்கை விமலகுமாரி, அதே பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். 1954 ஜூலை மாதம். எல்லைக் கிராமங்களில் ஒருவன் தும்மினால்கூட எந்தக் கட்சிக்காகத் தும்மினான் என்று விசாரித்த காலம்.

நடந்தது இவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர்கள் போராட்டக் கூட்டங்களுக்குப் போகக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. மலையாளத்தில் இருந்தது. அதை எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்க விமலகுமாரியிடம் கொடுத்தார். அவள் வாசித்த வாசிப்பில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒழுங்காக இன்னொரு தடவை வாசி என்று அவர் கத்தினார். அவள் காகிதத்தை மேசைமேல் வைத்து, "வாசிக்க மாட்டேன்" என்றாள். திங்கட்கிழமைக்குள் டாக்டர் சான்றிதழோடு விளக்கம் போகவேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.

மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் ராபின்சனுக்குக் கை ஓடவில்லை. நோயாளி உட்காருவதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிடுவது அவனுடைய பழக்கம். அவன் டாக்டரின் காதருகில் குனிந்தான்.

"விஷம், டாக்டரம்மா. மெல்ல ஏறுற விஷம். பெஞ்சுக்குப் பக்கத்துல போய் மோந்து பாத்தேன். கள்ளு நாத்தம் இல்ல."

"நீரு மோந்தது நல்லது. மீதியைப் பொறுமையாப் பாப்போம்" என்றார் லீலாபாய். பிறகு மேனேஜரிடம் திரும்பினார். "சாரே, பள்ளிக்கூட ஆஜர் புத்தகம் வேணும். மூணு வருசத்துக்கும்."

"அது எதுக்கு?"

"டீச்சர் தினமும் போடுற ஒப்பு, அந்தக் கையெழுத்தைப் பாக்கணும். இன்னொண்ணு. கோயில்ல ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறது விமலகுமாரிதானே? நான் கேட்டதுண்டு. நல்ல மணியான குரல்."

"முன்ன வாசிச்சா. நிறுத்தி ரெண்டு வருசம் ஆகுது. அண்ணன் தலைவர் ஆனதும் தங்கச்சிக்குத் தலைக்கனம் கூடிப்போச்சுன்னு சபையில பேச்சு."

சுந்தரதாஸ் பல்லைக் கடித்தான். லீலாபாய் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். ஆஜர் புத்தகங்கள் வருவதற்குள் விமலகுமாரி உள்ளே அழைக்கப்பட்டாள்.

ஒல்லியான உடம்பு, இருபத்திநாலு வயசு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாய் ஓரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சுமந்து இறக்குவது போலப் பேசினாள். "சோதிக்கணும்னா சோதியுங்க. பாவம் பாக்காண்டாம்."

"பாவம் பாக்கிறதுக்கு எனக்கு நேரமும் இல்ல" என்றார் லீலாபாய். விமலகுமாரியின் உதட்டில் சிரிப்பு வந்து போனது.

டாக்டர் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். மடியில் கிடந்தவரை அமைதியாக இருந்த கைகள் தம்ளரை நெருங்க நெருங்க நடுங்கின. இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சிந்திவிட்டது. முழங்கைகளை மடக்கி, விரல்களை நெஞ்சுக்கு நேராக நிறுத்தச் சொன்னார். கைகள் சிறகடிக்கத் தொடங்கின. பிறகு தமிழ் வேதாகமத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே நாக்கு இழுத்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு தப்பும் இல்லை. தொடக்கத்தில் சொன்ன ஐந்து பெயர்களைக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்; ஐந்தும் வந்தன.

"வீட்டுல வேற யாருக்காவது சுகக்கேடு உண்டா?"

"தம்பி இருந்தான். பதிமூணு வயசுல மஞ்சக்காமாலை. வயிறு வீங்கிச் செத்தான்."

"அம்மையும் அப்பனும் சொந்தமா?"

"அம்மை அப்பாவுக்குச் சொந்த மாமன் மக."

லீலாபாய் ஜன்னலைச் சாத்தி, ராபின்சனிடம் டார்ச்சைக் கொடுத்துக் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். பூதக்கண்ணாடி வழியாக அவர் வெகுநேரம் பார்த்தார். ராபின்சனும் எட்டிப் பார்த்தான். கருவிழியின் விளிம்பைச் சுற்றி, புளி போட்டுத் தேய்க்காத பாத்திரத்தின் களிம்பு போல ஒரு வளையம், பழுப்பும் பச்சையுமாக.

"வயசானவங்க கண்ணுல வாற வளையமாக்கும்" என்றான் அவன்.

"அது வெளுப்பா இருக்கும், ராபின்சன். வயசும் ஆகணும்."

மதியத்துக்குள் ஆஜர் புத்தகங்கள் வந்தன. எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னார் லீலாபாய்.

"டீச்சருக்கு மூணு தீர்ப்பு சொல்லியாச்சு. இலாகா சொல்லுது, களியாக்கினான்னு. மேனேஜர் சார் சொல்லுறார், குடிச்சான்னு. அண்ணன் சொல்லுறார், போராடினான்னு. மூணு தீர்ப்பும் அன்னைக்கு வாசிச்சதை மட்டும் வச்சுச் சொன்னது. அது மலையாளம் ஆனதுனால மலையாளத்துல காரணம் தேடினீங்க. இவளுக்க தமிழ் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கல்ல. இஞ்ச சங்கீதம் வாசிச்சா. அதே இடத்துல அதே இழுப்பு. பாஷையில ஒண்ணும் இல்ல. நாக்கை அசைக்கிற நரம்புலதான் கோளாறு."

ஒரு ஆஜர் புத்தகத்தைத் திறந்து ஈசாக்கின் பக்கம் தள்ளினார். "1952 ஜனவரி. ஒப்பு கொடி மாதிரிப் படர்ந்திருக்கு. அதே வருசம் டிசம்பர், எழுத்து சிறுத்துப் போச்சு. இந்த மாசத்துப் பக்கத்தைப் பாருங்க."

ஈசாக் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். பூச்சி ஊர்ந்த தடம் போல ஒரு கோடு. "வேண்டா வெறுப்பாப் போடுறான்னு நினைச்சேன்" என்று முணுமுணுத்தார்.

"எழுத்து சிறுத்த அதே வருசந்தான் வேதபாடம் வாசிக்கிறதும் நின்னுது. கனம் கூடினதுனால இல்ல. குழறுறது சபைக்குத் தெரியாண்டாம்னு. ரெண்டு வருசமா ஒருத்தி காலையிலயும் மத்தியானமும் குடிச்சிட்டு மூணாம் வகுப்பு நடத்த முடியாது. ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே இந்த இன்ஸ்பெக்டரைக் களியாக்கவும் முடியாது."

"அப்ப விஷம் இல்லியா, டாக்டரம்மா?" ராபின்சனின் குரலில் ஏமாற்றம் இருந்தது.

"பாதி சரி. விஷம் உண்டு. ஆனா வெளியில இருந்து யாரும் வைக்கல்ல. சோத்துலயும் தண்ணியிலயும் இம்மியளவு செம்பு எல்லாருக்கும் உள்ளே போகுது, நம்ம உடம்பு அதைக் கழிச்சிருது. சில பேருக்குப் பிறவியிலேயே அது முடியாது. முதல்ல ஈரல்ல சேரும். தம்பி அங்கேயே போயிட்டான். இவளுக்கு அதைத் தாண்டி மூளைக்கு ஏறியிருக்கு. கண்ணுல வளையமா நிக்குது. தாய்வழி, தகப்பன்வழி ரெண்டு பக்கமும் வந்தாத்தான் இது பிடிக்கும். சொந்தத்துல கட்டின வீட்டுல அதுக்கு வழி கூடுதல்." அவர் சுந்தரதாஸைப் பார்த்தார். "உமக்க கண்ணையும் பாக்கணும்."

இவ்வளவு நேரம் உரத்துப் பேசியவன் டார்ச் வெளிச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளையம் தெரியவில்லை. அப்போதும் அவன் முகம் தெளியவில்லை. "மருந்து உண்டா?" என்றான்.

"ஊசி ஒண்ணு உண்டு. கடுமையா வலிக்கும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். மதராசுக்கு எழுதித்தான் வரவழைக்கணும்."

"பாத்தீங்களா சாரே," விமலகுமாரி மெல்ல, இழுத்து இழுத்துச் சொன்னாள், "எந்தப் பக்கம் சேரணும்னு... எனக்க சீக்குக்குக்கூட... தெரியுது."

ராபின்சன் சிரித்துவிட்டான். ஈசாக் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா, அப்ப வழி தெளிஞ்சு போச்சே. மூளைக்கு ஏறின சீக்குன்னா, வாசிக்க மாட்டேன்னு சொன்னதும் சீக்குதானே? புத்தி தெளிவில்லாமச் செய்ததுன்னு ஒரு வரி எழுதுங்க. இலாகா மன்னிச்சுரும். சம்பளமில்லா லீவு கிடைக்கும், வேலை நிலைக்கும்."

லீலாபாய் ஆஜர் புத்தகத்தை மூடினார். "இந்த நோய் சில பேருக்கு மனசையும் தொடும். கோபம் வரும், பிடிவாதம் வரும். அதை நான் மறைக்க மாட்டேன்."

"அப்ப அது எதிர்ப்பு இல்லியா?" என்றான் சுந்தரதாஸ். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல ஆகிவிட்டது.

"நீ சும்மா இரி, அண்ணே. உனக்க கோஷத்துக்காகவும் நான் செய்யல்ல."

விமலகுமாரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ராபின்சன் தாங்கப் போனான். ஒரு பார்வையால் அவனை நிறுத்தினாள். பேசி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

"கோபத்துல செய்தா எறிஞ்சிருப்பேன். கை தளர்ந்து விட்டிருந்தா தரையில விழுந்திருக்கும். நான் அதை நாலா மடிச்சேன். இந்தக் கையால நாலா மடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைச்சுப் பாருங்க. காத்துல பறக்காம இருக்க மைக்கூட்டைத் தூக்கி மேல வச்சேன். உண்டா இல்லியா, சாரே?"

"உள்ளதுதான்" என்றார் ஈசாக், தலையைக் குனிந்துகொண்டு. "மை சிந்தல்ல."

"அவ்வளவு நேரமும் யோசிச்சேன். வேலை போகும்னு தெரியும். என்னைத் திட்டினதுக்காக இல்ல. நான் சாயங்காலம் எங்க போறேன், யாருக்க பேச்சைக் கேக்கேன்னு சொல்ல அவங்க யாரு?"

லீலாபாய் சான்றிதழ்த் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். முதல் வரியில் பெயரும் வயசும் எழுதினார். அடுத்து கை, அடுத்து நாக்கு, அடுத்து கண். அதற்குக் கீழே பேனா நின்றது.

விமலகுமாரி அந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்தாள். விரல் நடுங்கியது. அவள் அதை எடுக்கவில்லை.

"கையைச் சீக்குக்குக் கொடுத்தாச்சு. நாக்கையும் கொடுத்தாச்சு. இதைக் கொடுக்க மாட்டேன். வாசிக்க மாட்டேன்னு சொன்னது முழு புத்தியோட நான் சொன்னதுன்னு, இஞ்ச, தனி வரியா எழுதித் தருவீங்களா, டாக்டரம்மா?"