தானாகப் பதிந்த பெயர்

தென் கொரியாவின் தேகு நகரத்துத் தாக் குடும்பத்தின் பழைய சாயக் கொட்டகையில்தான் இப்போது கம்பெனியின் கணினிகள் ஓடுகின்றன. மதியச் சாப்பாடு முடிந்து பொறியாளர் பியோன் ஹே-ரிம் உள்ளே வந்தபோது, சேர்மன் தாக் குவாங்-சிக் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குடும்பத்துப் பெயர்கள் இடம் மாறும்போது அவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அவர் தலைமுறை ஆண்கள் எல்லோருக்கும் பெயர் 'சிக்' என்றே முடியும். கணினிகளுக்கும் அந்தப் பெயர்களையே வைத்திருந்தார்: குவாங்-சிக், மியோங்-சிக், யுன்-சிக். கடைசித் தம்பி தே-சிக்கின் பெயர் மட்டும் கிடையாது. சாயத் தொழிலாளர்களோடு சேர்ந்து பெற்ற தகப்பனுக்கு எதிராகக் கொடி பிடித்தவன். இதே கொட்டகையில் செத்தவன். வம்சாவளியிலிருந்து அவனை வெட்டி எறிந்தவர் குவாங்-சிக்.

கணினிகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருள், அவற்றின் விவரங்களை இதுவரை தனக்குள்ளேயே வைத்திருந்தது. இனி அவை வெளியே தனித் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். ஹே-ரிம் காலியான தரவுத்தளம் ஒன்றை உருவாக்கினாள். அதன் முகவரியையும் கடவுச்சொல்லையும் மென்பொருளுக்குக் கொடுத்து, மறுபடி ஓடவிட்டாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து பதிந்தன.

குவாங்-சிக். மியோங்-சிக். யுன்-சிக்.

தே-சிக்.

அறையில் ஈரச் சாயத்தின் நெடி எழுந்தது.

யார் எழுதியது என்று கேட்டார் சேர்மன்.

"யாரும் எழுதல சேர்மன் ஐயா. ஓடிட்டிருக்கற மெஷின் தானா வந்து பேர் சொல்லும்." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா இந்தப் பேர்ல நம்மகிட்ட மெஷினே இல்லியே."

அழிக்கச் சொன்னார். அழித்தாள்.

திரும்ப வந்தது. ஒரு வரி மேலே.

மறுபடி அழித்தாள். இன்னும் ஒரு வரி ஏறி, குவாங்-சிக்கின் காலடியில் நின்றது.

"மேல இருக்கறதுதான் தலைமை மெஷின், ஐயா. இன்னொரு தடவை அழிச்சா உங்க இடத்துக்கே வந்துடும். பாவம், ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"தாக் வீட்டுப் பேரோட நாய் பேரு கூட இருக்கலாம். அது இருக்கக் கூடாது."

அவள் கை எழவில்லை. இதற்குத்தான் படித்தாயா என்று ஏளனம் செய்தபடி அவரே எழுந்து போய் அழிக்கும் விசையை அழுத்தினார்.

கணினிகளின் இரைச்சல் நின்றது.

சுவருக்குப் பின்னால் யாரோ ஈரத் துணியைப் பிழிந்தார்கள்.

இரைச்சல் திரும்பியபோது திரையில் மூன்றே பெயர்கள்.

தே-சிக். மியோங்-சிக். யுன்-சிக்.

"என் பேரு எங்கம்மா?"

ஹே-ரிம் திரும்பவில்லை. தோளைத் தொட்டார். குளிர் பட்டதுபோல் சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, காலி நாற்காலியின் முன் இடுப்பு வளைய வணங்கினாள்.

"வேலை முடிஞ்சுது, தே-சிக் ஐயா."

நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் போய்க் கதவைத் திறந்து பிடித்து, பெரியவர் முதலில் போகட்டும் என்று தலை குனிந்து காத்திருந்தாள். நீல ஈரத்தில் பதிந்த காலடிகள் அவளைக் கடந்து வெளியே போயின.

பின்னாலேயே அவளும் போனாள். வெளியே தாழ் விழுந்தது.