ஒரகடத்துச் சிங்கமும் ஜப்பான் வாளும்

"ஐயோ... போச்சே! எல்லாம் போச்சே!"

எம்.டி. ரூமிலிருந்து கிளம்பிய அலறல் பிரஸ் மெஷின் சத்தத்தையும் தாண்டி லைன் வரைக்கும் கேட்டது.

குவாலிட்டி இன்ஜினியர் ரூத் ஓடினாள். கதவைத் தள்ளினாள். உறைந்தாள்.

மேஜை மேல் வெள்ளைத் துணி போர்த்தி, நீளமாக ஏதோ கிடந்தது.

தலைமாட்டில் எம்.டி. நரசிம்மன், வாயில் கர்சீப்பைத் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் அவர் மச்சான், புரொடக்‌ஷன் மேனேஜர் சக்திகுமார், முதுகைத் தடவிக் கொடுத்தான். கால்மாட்டில் சப்-இன்ஸ்பெக்டர் கங்கா. சங்கு ஊத ஆள் வராததுதான் பாக்கி!

"சார்... யாரு சார் செத்தது?"

"என் வாள்!"

ரூத்துக்கு வந்த கோபத்தில் கண்ணாடிக் கதவே வெடித்திருக்கும். அப்போதுதான் மூலையில் நின்றவனைப் பார்த்தாள்.

கையில் விலங்கு. டூல்ரூம் யூனிஃபார்ம். சாம்சன். அவள் கூடப் பிறந்த தம்பி!

"அக்கா... நான் ஒண்ணும் பண்ணலக்கா. இன்னா கத்தின்னே தெரியாதுக்கா."

"டேய், வாயை மூடு. மேடம், இன்னா நடக்குது இங்க? எதுக்கு இவனுக்கு விலங்கு?"

கங்கா நிதானமாக டீயை உறிஞ்சினார். "உன் தம்பி ஒரிஜினல் வாளைத் தூக்கிட்டு டூப்ளிகேட்டை வெச்சிட்டான்னு கம்ப்ளெயிண்ட். பதினொரு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வடக்குப்பட்டில் அவர்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் அவள். சண்டை போட்டுத்தான் தம்பிக்கு இங்கே வேலை வாங்கினாள். ஒரு தடவை ஜெயில் வாசலை மிதித்துவிட்டால், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த கேட்டும் அவனுக்குத் திறக்காது.

"டூப்ளிகேட்டுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்." சக்திகுமார் தொண்டையைச் செருமினான். "காலையில துடைக்கலாம்னு உருவிப் பார்த்தேன். பிளேடு பூரா புது கிரைண்டிங் கோடு! நம்ம டூல்ரூம் கிரைண்டர் கோடு எனக்குத் தெரியாதா? அதை ஓட்டுறது யாரு? இவன்!"

"ஏன் சார், இத்தனை மாசமா பிளேடுல கோடு இருந்துச்சா இல்லையான்னு நீங்க பார்த்ததே இல்லையா?" ரூத் எம்.டி.யிடம் திரும்பினாள்.

நரசிம்மன் மூக்கைச் சிந்தினார்.

"முழுசா உருவினா ரத்தம் பார்க்காம உறைக்குள்ள திரும்பாதும்மா. சக்திதான் சொன்னான். அதனால நாலு விரக்கடைக்கு மேல உருவினதே இல்ல."

"கறிகாய் நறுக்குறப்ப விரல்ல பட்டாக்கூட ரத்தம் பார்க்கும் சார்."

"கிண்டலா? இது ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவத்து சார்ஜெண்ட் வெச்சிருந்த வாள்! நான் புதுசா சேகரிக்க ஆரம்பிச்சவன்தான். அதுக்காக ஏமாளி இல்ல. நூறு வீடியோ பார்த்துட்டுத்தான் வாங்கினேன். பிளேடுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும். உறையிலயும் அதே நம்பர் இருக்கணும். ரெண்டும் ஒத்துப்போச்சு!"

"ஒரே நம்பர் பஞ்ச் செட்டை வெச்சு ரெண்டுலயும் அடிச்சா ஒத்துதான் போகும்."

"திமிரு! உங்க ஆளுங்களை உள்ள விட்டதே என் தப்பு."

"உங்க ஆளுங்கன்னா யாரு சார்?" ரூத் ஒரு அடி முன்னால் வைத்தாள். "பேரைச் சொல்லுங்க. மேடம் எழுதிக்குவாங்க."

எழுதத் தோதாக கங்கா பேனாவைத் திறந்தார். நரசிம்மன் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"ஏம்பா," கங்கா சாம்சனைப் பார்த்தார், "இதுக்கு முன்னாடி கத்தி ஏதாச்சும் கையில புடிச்சிருக்கியா?"

"புடிச்சேன் மேடம்."

"டேய்!" ரூத் பல்லைக் கடித்தாள்.

"அட்டைக் கத்திக்கா! போன கிறிஸ்துமஸ் நாடகத்துல நான்தான ஏரோது ராஜா? நெசக் கத்தி வரும்னு சொல்லி, கடைசில வரல. அட்டைல சில்வர் பேப்பர் சுத்திக் குடுத்தாங்கோ. குழந்தைங்கோ சிரிச்சுட்சிங்கோ."

சாம்சனைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் கூடச் சிரித்தார். ரூத் சிரிக்கவில்லை. அவள் கண் மேஜையில் குத்தி நின்றது.

துணிக்கு வெளியே, பிணத்தின் பாதம் போல, கைப்பிடி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. உலோகக் கைப்பிடி. அதில் ஒரே ஒரு ஸ்க்ரூ.

ஸ்க்ரூவின் தலையிலிருந்து கைப்பிடி வரை... மெல்லியதாக ஒரு பச்சைக் கோடு!

"சார், இந்தப் பச்சை என்னது?"

நரசிம்மனின் முகத்தில் அழுகையையும் மீறிப் பெருமை எட்டிப் பார்த்தது.

"அது தெரியாதா? ராணுவ முத்திரை! அந்தக் காலத்துல ஒவ்வொரு வாளையும் அதிகாரி செக் பண்ணி முத்திரை போடுவான். வீடியோல சொன்னாங்க."

"நீங்க லைன் பக்கம் எறங்கி எத்தனை வருஷமாச்சு சார்?"

"எதுக்கு?"

"இது ராணுவம் போட்டதில்ல. நம்ம அசெம்பிளில போடுற ஸ்க்ரூ மார்க்!"

ரூத் கங்காவிடம் திரும்பினாள். "ஸ்க்ரூவை முறுக்கினதும் பெயிண்ட் பேனாவால அது மேல ஒரு கோடு இழுப்போம் மேடம். ஸ்க்ரூ லூசாச்சுன்னா கோடு விலகிக் காட்டிக்குடுக்கும். ஆளுக்கு ஒரு கலர். தப்பு பண்ணினவனைப் புடிக்கணும்னு எம்.டி.யே போட்ட சட்டம். பழகிட்டா கை தானா போகும். எங்க வூட்டு மிக்ஸி ஸ்க்ரூல கூட இவன் கோடு போட்டு வெச்சிருக்கான். வெள்ளை. இவன் கலர் வெள்ளை!"

"அப்ப பச்சை யாரு?"

சக்திகுமார் சட்டைப் பையை மெதுவாகக் கையால் மூடினான்.

"ஹலோ... ஹலோ! என் பேனாவை எவன் வேணா எடுத்திருக்கலாம். இவனே எடுத்து, நேத்து டூப்ளிகேட்டை வெக்கறப்ப போட்டிருப்பான்!"

"நேத்தா?" ரூத்தின் குரல் திடீரென்று இனித்தது. "சார், கொஞ்சம் எழுந்து பின்னால திரும்புங்க."

நரசிம்மன் திரும்பினார்.

நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ். அவருடைய பிறந்தநாளுக்கு கேட்டில் கட்டியது. பிறகு ஆசையாகச் சுவரேறியது. 'ஒரகடத்துச் சிங்கமே!' என்ற எழுத்துக்குக் கீழே கூலிங் கிளாஸ் போட்ட நரசிம்மன். மார்போடு அணைத்த வாள்.

கைப்பிடியில், பஜ்ஜி மிளகாய் சைஸில்... பச்சைக் கோடு!

"இது எப்ப எடுத்த போட்டோ சார்?"

"வாள்... வந்த அன்னிக்கே..." சிங்கத்தின் குரல் பூனைக்குட்டி அளவுக்கு இறங்கியது.

"அன்னிக்கே இருந்த கோடு சார்! யாரும் எதையும் மாத்தல. நீங்க வாங்கினதே டூப்ளிகேட்டு! ஆமா, அந்த வியாபாரியை உங்களுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு?"

எல்லாத் தலைகளும் சக்திகுமார் பக்கம் திரும்பின.

கங்கா எழுந்தார். ஜன்னல் திரையை விலக்கினார். ஜன்னலை ஒட்டியே சக்திகுமாரின் கார் நின்றது. நம்பர் பிளேட்டில் நாலு ஸ்க்ரூ. நாலு பச்சைக் கோடு!

"தம்பி, உனக்கு இது வியாதிப்பா," என்றார் கங்கா.

சக்திகுமார் தொப்பென்று மாமாவின் காலில் விழுந்தான்.

"மாமா... ஆசைப்பட்டுட்டேன் மாமா! இன்னிக்கு ஜப்பான்கார ஒகுமுரா சார் வந்து பார்த்தா ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிருவாரு. அதான் அவர் வர்றதுக்கு முன்னாடி திருட்டுப் போன மாதிரி... அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மாமா!"

"என் மெட்டீரியல்! என் கரண்ட்! என்கிட்டயே வித்துட்டு..." நரசிம்மன் மூச்சு வாங்கினார். "அந்த மாசம் உனக்கு ஓ.டி. வேற குடுத்தேனேடா!"

சாம்சனின் விலங்கு கழன்றது. "ஸாரி தம்பி," என்றார் கங்கா, அதே விலங்கைச் சக்திகுமார் பக்கம் நீட்டியபடி. ரூத் அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள்.

அப்போது கதவு திறந்தது.

"வணக்கம்! இன்னாபா, ஒரே கூட்டம்?"

ஒகுமுரா! ஆர்டர் கொடுக்கும் ஜப்பான் கம்பெனியின் ஆலோசகர். ஐந்து வருஷமாக சுங்குவார்சத்திரம் டீக்கடையில் தமிழ் கற்றவர்.

மேஜையைப் பார்த்தார். யாரும் தடுப்பதற்குள் துணியை விலக்கினார். வாளை உறையிலிருந்து முழுசாக உருவினார்.

நரசிம்மன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ரத்தம் எதுவும் வரவில்லை.

ஒகுமுரா வாளை வெளிச்சத்தில் சாய்த்தார். விளிம்பை ஒரு கண்ணால் பார்த்தார்.

"டூப்ளிகேட்டு," என்றார். "எழுத்து தப்பு. பெயிண்ட் தப்பு. எல்லாம் தப்பு."

பிறகு மறுபடி பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"ஆனா கிரைண்டிங்... அடேங்கப்பா! ஒரு இடம் கூட மேடு பள்ளம் இல்ல! யாரு செஞ்சது? அந்தக் கை எனக்கு வேணும்!"

ரூத் மெதுவாகத் திரும்பினாள்.

சாம்சன் வாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் விரிந்தது. முகம் மலர்ந்தது.

ரூத் அவன் காலை ஓங்கி மிதித்தாள். சேஃப்டி ஷூ. அவனுக்கு உறைக்கவே இல்லை!

"நான்தான் சார்!" கை ஜிவ்வென்று உயர்ந்தது. "அக்கா, இது நம்ம ஏரோது கத்திக்கா! சக்தி சார்தான் நாடகத்துக்கு நெசக் கத்தி செஞ்சி தர்றேன், நீ பிளேடை மட்டும் கிரைண்ட் பண்ணுன்னாரு. அப்பால காணாமப் போச்சுன்னாரு. இங்கதான் கீதுக்கா இது!"

சக்திகுமாரின் மணிக்கட்டில் விலங்கைப் பூட்டப் போன கங்காவின் கை அந்தரத்தில் நின்றது. பார்வை மறுபடி சாம்சன் மேல் திரும்பியது.

ரூத் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மேடம்... விலங்குல வாய்க்குப் பூட்டுற மாடல் ஏதாச்சும் கீதா?"