நாற்பது நொடி இடம்

காலை பத்து மணிக்குச் சற்று முன்பு சவுண்டு என்ற ஒலிப்பதிவாளர் விண்கல் காட்சியகத்துக்குள் நுழைந்தபோது, மறுநாள் திறப்பு விழாவுக்காக வாசலில் சிவப்புக் கம்பளத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பளம் ஆறடி குறைந்தது. அமைச்சர் அந்த ஆறடியைத் தாண்டுவாரா, வெறுந்தரையை மிதிப்பாரா என்று இரண்டு அதிகாரிகள் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிப்பதிவு வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் சவுண்டுதான். ஆளிடம் சத்தமே கிடையாது. வலது காதில் எப்போதும் ஒரு இயர்போன் இருக்கும். துண்டிக்காத போன் அழைப்பில் அதன் மறுமுனை வீட்டில், மனைவியின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போனில். அவளுக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷினின் உறுமல், அதற்கு மேல் அவள் மூச்சு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய ஒரு விசில். பதினான்கு மாதமாக அவர் காதில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கினாலும் பாதிக் காது விழித்திருக்கும். ஒரே ஒரு மணி நேரம் இதைக் கேட்காமல் இருக்க முடிந்தால் என்று எப்போதாவது நினைப்பார். நினைத்த உடனேயே வாய்க்குள் தன்னைத் திட்டிக்கொள்வார்.

காட்சியகம் என்பது பழைய சிமெண்டுக் கிடங்கு. பின்ஜன்னலைத் திறந்தால் பள்ளம் தெரியும். மனுஷ ஞாபகத்துக்கு எட்டாத காலத்தில் விண்கல் விழுந்து தோண்டியது. அதற்கு மேல் பறக்கும்போது காக்காய்கூடக் கத்தாது என்பார்கள். அதை மறுத்து முனைவர் ஒரு பலகையே எழுதி வைத்திருந்தார்.

முனைவர் என்றால் இயக்குநர். பட்டம் கோழிப்பண்ணை நிர்வாகத்தில் வாங்கியது. ஆனால் விண்வெளியைப் பற்றி அவர் பேசும்போது கோழிகளே நம்பிவிடும். பள்ளத்தின் விளிம்பில் ஆதியிலிருந்து வாழும் ஜனங்கள் சொல்லும் கதைக்கு, பார்வையாளர்கள் ஹெட்போன் மாட்டிக் கேட்கும் கருவியில் அவர் ஆறாம் எண் பொத்தானை ஒதுக்கியிருந்தார். மேலே தலைப்பு: 'அறிவியலுக்கு முந்தைய கற்பனை.'

அந்தக் கதையைச் சொல்லும் உரிமை அவர்களில் ஒருத்தருக்குத்தான். இப்போது அது தண்ணி லாரி ஓட்டும் அக்காவிடம் இருந்தது. மூன்று நாள் முன்பு, இரண்டு டிரிப்புக்கு நடுவே வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். வானத்தில் இருந்த ஒன்று பேசிக்கொண்டே கீழே விழுந்தது. பேச்சு முடிவதற்குள் வாய் மண்ணுக்குள் போய்விட்டது. இதுதான் கதை. விழுந்தது என்று சொன்னதும் அவள் நிறுத்தினாள். தலைமேல் முந்தானையை இழுத்துக்கொண்டாள். நாற்பது நொடி ஒன்றுமில்லை. பிறகு தொடர்ந்தாள்.

"அந்த இடத்துல கை வெச்சுடாதீங்க தம்பி" என்றாள் போகும்போது.

"ஏன்க்கா?"

"அது பேசுறதுக்கு விட்ட இடம். விட்டா அங்கேயே கிடக்கும். விடலேன்னா தானா எங்கயாவது எடுத்துக்கும்."

"எங்க எடுத்துக்கும்?"

"எடுத்தவன் எதை விடாம கேட்டுக்கிட்டிருக்கானோ, அதுல." வாட்ச்சைப் பார்த்தாள். "எனக்கு அடுத்த டிரிப்புக்கு நேரமாச்சு."

பதிவு மூன்று நிமிடம் நாற்பது நொடி வந்தது. முனைவர் கறாராகச் சொல்லியிருந்தார்: பார்வையாளரின் பொறுமை மூன்று நிமிடம், இது உலகத்தரம். வெட்டுவதற்குச் சவுண்டு வேறு எங்கே போவார்? நிசப்தம்தான் இருந்தது. ஒரு விஷயம் மட்டும் அவருக்கு இடித்தது. ஆள் பேசாத அறையிலும் மின்விசிறி இரையும், நாற்காலி முனகும். திரையில் அந்த நாற்பது நொடி மட்டும் கோடு போட்ட மாதிரித் தட்டையாகக் கிடந்தது. அக்காவின் மூச்சுகூட இல்லை.

மைக் கோளாறு என்று வெட்டினார். அறுபது கருவிகளிலும் ஏற்றினார். இன்று காலை வந்ததும், சரிபார்க்க ஒன்றில் ஆறாம் பொத்தானை அழுத்தினார்.

இடது காதில் கதை ஓடியது. விழுந்தது என்றாள் அக்கா. உடனே அடுத்த வரிக்குத் தாவினாள். வெட்டிய இடம் கடவுளுக்கே தெரியாது.

வலது காதில் மனைவியின் மூச்சு நின்றிருந்தது.

மெஷின் உறுமலும் இல்லை.

லைன் போய்விட்டதென்று போனைத் தட்டினார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, லைன் இருந்தது. பிறகு, குழாய் திறந்த மாதிரி, எல்லாம் திரும்பி வந்தது. உறுமல், மூச்சு, விசில்.

மதியம் வீட்டுக்குப் போனார். கட்டில், மருந்து டப்பா, மெஷின், ஜன்னலில் காயும் ஒரு துண்டு. அவள் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் தொண்ணூற்று நான்கு காட்டியது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நோயாளி நானா நீங்களா?"

"காலையில பத்து மணிக்கு ஏதாச்சும் பண்ணுச்சா?"

"பத்து மணிக்கு நான் மலை ஏறிக்கிட்டிருந்தேன். படுத்துதாங்க இருந்தேன், வேறென்ன?"

முனைவர் போன் செய்தார். சவுண்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சவுண்டு, நானும் கமிட்டிக்காரர் ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு மாட்டிக்கிட்டு உங்க ஆறாம் நம்பரைக் கேட்டுக்கிட்டிருக்கோம். பிரமாதம்யா. அப்படியே உலக—"

போன் அமைதியானது.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது, உறுமல் இல்லை. மனைவி ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். மார்பு எழும்பவில்லை.

"இங்க பாரு" என்றார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

தொண்ணூறு. எண்பத்தைந்து.

தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் கண்கள் அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் எதையோ கேட்பவள் கண்கள் போல இருந்தன.

எழுபத்தொன்று. அறுபத்து நான்கு.

"—த்தரம்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் முனைவர்.

மூச்சு வந்தது. விசிலும் வந்தது. "ஏங்க தோளைப் பிடிச்சு இப்படி ஆட்டுறீங்க? புளியமரமா நான்?" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போயிருந்தது. மூன்று பேர் கேட்டார்கள், மூன்று நாற்பது நொடி. நாளை பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேர் ஒரே நேரத்தில் அழுத்தப் போகிறார்கள். கணக்கில் அவர் புலியில்லை. ஆனாலும் நாற்பது நிமிடம் என்ற விடை தானாக வந்து நின்றது.

முனைவரிடம் உண்மையைச் சொன்னால் சிரிப்பார். பட்டம் வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லக் கூடாது, வெளிநாட்டைச் சொல்ல வேண்டும். அன்று மாலையே போய், "வெளிநாட்டுல பெரிய பெரிய காட்சியகத்திலெல்லாம் இப்ப 'மௌன இடைவேளை' வெக்கறாங்க சார். நம்மகிட்ட ஏற்கெனவே நாற்பது செகண்ட் இருக்கு" என்றார்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் முனைவர். சவுண்டு பழைய பதிவை அறுபது கருவிகளிலும் ஏற்றிவிட்டு, கால்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பதினான்கு மாதத்தில் முதல் முறையாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார்.

மறுநாள் அமைச்சர் வெறுந்தரையை மிதித்தார், யாரும் சாகவில்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஹெட்போன் மாட்டினார்கள். முனைவர் கையசைக்க, அறுபது விரல்களும் ஆறாம் பொத்தானை அழுத்தின. பிள்ளைகள் கேட்கும் நேரத்தில் பெரியவர்கள் சும்மா இருக்கக் கூடாதே என்று முனைவர் மேடையில் தொடர்ந்து பேசினார்.

"இந்தக் கதையில நாற்பது நொடி மௌனம் வருகிறது. அது என்னுடைய யோசனை. மௌனத்தின் மகத்துவம் மக்களுக்குப் புரிய வேண்டாமா? ஆகவே அந்த நாற்பது நொடியிலும் என் குரலிலேயே ஒரு சிறு விளக்கம் பதிந்து, காலையில் ஆள் வைத்து மாற்றிவிட்டேன்."

கை தட்டினார்கள்.

சவுண்டு ஓடினார். அந்த இடம் வர இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. முதல் வரிசையில் ஹெட்போன்களைப் பிடுங்கினார். ஒன்று, இரண்டு, ஏழு. ஒரு சிறுமி அழுதாள். இரண்டு காவலர்கள் அவரைக் கக்கத்தில் கை கொடுத்துச் சுவரோரம் தூக்கிப்போனார்கள்.

"அண்ணே, அமைச்சர் பாக்கறாரு. மானத்தை வாங்காதீங்க."

"கழட்டச் சொல்லுங்க. என் சம்சாரம் செத்துடுவா."

"உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க."

வலது காதில் மூச்சு. விசில். மூச்சு.

பிறகு ஒன்றுமில்லை.

ஐம்பத்து மூன்று பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்து முனைவரின் மௌன விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து நிமிடமும் சில்லறையும் அவள் மூச்சில்லாமல் கிடக்க வேண்டும். சவுண்டு காதை அழுத்திப் பிடித்தார். வரவில்லை. கேட்கக் கேட்க அந்த இடம் ஆழமாகிக்கொண்டே போனது.

எதை விடாமல் கேட்கிறானோ, அதில்.

இயர்போனைப் பிடுங்கி எறிந்தார், லைனைத் துண்டித்தார்.

எறிந்தால் போதாது. காது தானாக அங்கேதான் போயிற்று, செக்குமாடு மாதிரி. வேறு எதையாவது கேட்க வேண்டும், உயிரைக் கொடுத்துக் கேட்க வேண்டும். எதிரே இருந்தது ஒன்றுதான். வாழ்க்கையில் முதல் முறையாக முனைவரின் பேச்சைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பேரண்டம் என்றார் முனைவர், பெருமிதம் என்றார், என் தலைமையில் என்றார். அவளை விட்டுவிட்டு இதைக் கேட்கிறோமே என்று நெஞ்சு ஒரு பக்கம் அடித்தது. இன்னொரு பக்கம், வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி. காது அந்தப் பேச்சில் இறங்கி உட்கார்ந்தது.

முனைவரின் குரல் நின்றது.

வாய் அசைந்தது. கை உயர்ந்தது. மைக்செட்காரர் மைக்கை மூன்று தடவை தட்டினார். தட்டியது கேட்டது, முனைவரின் குரல் கேட்கவில்லை. கூட்டம் முதலில் நெளிந்தது, பிறகு மரியாதையாகத் தலை குனிந்தது. முப்பத்தைந்து நிமிடம். கடைசியில், "எனவே" என்ற சொல் மட்டும் தெளிவாக வந்தது. அமைச்சர் எழுந்து நின்று, தான் கேட்டதிலேயே சிறந்த உரை இதுதான் என்றார்.

சவுண்டு வீட்டுக்கு அழைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"லைனை நீங்களா கட் பண்ணீங்க? நல்லதாப் போச்சு. ஒரு வருஷமா ஒட்டுக்கேக்கறீங்க. இன்னிக்குத்தான் நிம்மதியா திரும்பிப் படுத்தேன்."

"நம்பர் என்ன காட்டுது?"

"தொண்ணூத்தாறு. மனுஷனுக்குப் பொறாமை வர்ற நம்பர்."

யாரையும் கேட்காமல், அன்று பிற்பகலே பழைய பதிவை மீண்டும் ஏற்ற உட்கார்ந்தார். முனைவர் பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்ததால் தடுக்க ஆளில்லை. இயர்போனை மறுபடி மாட்டினார். மெஷின் உறுமியது. மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு ஓய்ந்தது. மூச்சுக்காகக் காத்திருந்தார்.

உறுமல் மட்டும்தான் வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேங்க. எங்க போவேன்?"

மறுபடி உறுமல். அவள் இருந்தாள், பேசினாள். மூச்சுக்குத்தான் சத்தமில்லை.

திரையைப் பார்த்தார். கோடு போட்ட மாதிரித் தட்டையாக இருந்த அந்த நாற்பது நொடியில் இப்போது சின்னச் சின்ன மேடுகள், ஒரே சீராக இருந்தன. ஹெட்போனை எடுத்து இடது காதில் வைத்தார்.

மூச்சு. முடிவில் மெல்லிய விசில்.

மூச்சு. விசில்.

மூன்றாவது மூச்சில் விசில் வரவில்லை. அது நீளமாக, ஆழமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நாளாகப் பாதியில் நின்ற பேச்சைச் சொல்லி முடிக்கப்போகிறவர் மூச்சு இழுக்கிற மாதிரி.