வளராத வலது கை

திங்கட்கிழமை, காலை 9.40.

காணாமல் போனவை பன்னிரண்டு கைகள். ஒவ்வொன்றும் தீக்குச்சியில் பாதி நீளம். இதற்குப் போய்ப் போலீஸைக் கூப்பிட்ட பேராசிரியர், வாசலுக்கே வந்து வரவேற்று, ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே தன் விருதுகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. படித்தவன் பொய் சொன்னால் கூடுதலாக நேரம் பிடிக்கும், மற்றபடி ஒரு வித்தியாசமும் கிடையாது என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

விஷயம் இதுதான். கண்ணாடித் தொட்டிகளில் வெளுத்த பல்லி மாதிரி பன்னிரண்டு பிராணிகள் கிடந்தன. சாலமாண்டர் என்று பெயர். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது பல்லிதான். கையை வெட்டினால் தானாகவே மறுபடி முளைத்துவிடும். தான் தயாரித்த மருந்தைப் போட்டால் வழக்கமாக ஆகும் நாட்களில் பாதியிலேயே முளைக்கும் என்று பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி போன வருடம் காட்டியிருந்தாள். வெளியிலிருந்து வந்த நிபுணர் குழு, எங்கள் கண் முன்னால் செய்து காட்டு என்றது. வெட்டினாள். ஆறு வாரமாகியும் ஒன்றில்கூட மொட்டு வரவில்லை.

போன வருடம் பேட்டிகளில் "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று சொன்ன அதே பேராசிரியர், இப்போது "அந்தப் பொண்ணு ஏமாத்திட்டா" என்று மோசடிப் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். புகார் உறுதியானால் அவளுக்குப் பட்டம் கிடையாது. வேறு எந்த ஆய்வகமும் அவளை வாசற்படி ஏற்றாது.

"மருந்து போடாட்டியும் கை முளைக்கும்தானே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"முளைக்கும். கொஞ்சம் மெதுவா."

"அப்ப மருந்து பொய்யாவே இருந்தாலும் கை வந்திருக்கணுமே சார்."

பேராசிரியர் இருமினார். மருந்தே விஷமாக இருக்கலாம் என்றார். மருந்து போடாமல் விட்ட ஆறு பல்லிகளுக்கும் முளைக்கவில்லையே என்று பக்கத்தில் நின்ற சீனியர் மாணவன் முணுமுணுத்தான். அப்படியானால் தண்ணீரில் எதையோ கலந்துவிட்டாள் என்று பேராசிரியர் தாவினார். தன் சோதனையைத் தானே எதற்குக் கெடுத்துக்கொள்வாள் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பதில் இல்லாதபோது பெரிய மனிதர்கள் குரலை உயர்த்துவார்கள். அவரும் உயர்த்தினார்.

"நீங்களே பாருங்க. ஒண்ணுலயாவது இடது கை வந்திருக்கா?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பன்னிரண்டுக்கும் இடது கை லட்சணமாக இருந்தது. மொண்ணையாக நின்றது வலது கை. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே முடித்துக்கட்டப் புகார் எழுதியவருக்கு எந்தக் கை என்றே தெரியவில்லை. இடது என்றுதான் திட்டம் போட்டிருந்தாள், இடையில் எங்களிடம் சொல்லாமலே மாற்றிவிட்டாள், வெட்டிய அன்றுதான் எங்களுக்கே தெரியும் என்று சீனியர் அவசரமாகக் குருவைக் காப்பாற்றினான்.

ஓரத்தில் கிடந்த பல்லியின் வால் நுனி மட்டும் கண்ணாடி மாதிரி வெளிறிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு மூணு வாரம் முன்னாடி பக்கத்துல இருந்தது கடிச்சிடுச்சு மேடம். அது பாட்டுக்கு வளர்ந்துட்டு இருக்கு."

வருடக்கணக்கில் உயிரியல் படித்தவன் சொன்ன வாக்கியம் இது. சொன்னது அவன் காதிலேயே விழவில்லை.

காலை 11.15.

முதலில் சீனியரை உட்காரவைத்தார். அறைச் சாவி அவனிடமும் இருந்தது. மாணவி தோற்றால் லாபமும் அவனுக்குத்தான். அதனால் வேர்த்துக் கொட்டிக்கொண்டே பேசினான். கையை வளரவிடாமல் தடுக்க மூன்று வழிகள் உண்டாம். தண்ணீரில் நஞ்சு கலக்கலாம். நரம்பை அறுக்கலாம், ஆனால் அறுத்தால் தோள் தொங்கிவிடும், இந்தப் பல்லிகள் தோளை நன்றாகவே ஆட்டுகின்றன. மூன்றாவது, கதிர்வீச்சு.

"அதுக்கு நம்ம கட்டடத்துல மெஷின் ஏது மேடம்?" என்று சிரித்தான்.

அடுத்து மாணவி வந்தாள். அழுது வீங்கிய முகம். பல்லிகளைத் தன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை என்றாள். பிறகு யோசித்து, ஒரே ஒரு தடவை என்றாள். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு அறையில் ஏ.சி. பழுதாகிவிட்டது. சூடு பட்டால் பல்லிகள் தாங்காது. அவள் கணவர்தான் ஓடி வந்து, எப்போதும் குளிராக இருக்கும் தன் இயற்பியல் கட்டடத்துக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் வைத்துக் காப்பாற்றினார். தீனி போடுவது, மயக்க மருந்து கொடுத்து எடை பார்ப்பது என்று எல்லாவற்றையும் அவளிடமே கற்றுக்கொண்டவர்.

"அவர் இல்லேன்னா அன்னிக்கே எல்லாம் செத்துப்போயிருக்கும் மேடம்."

அந்தத் தங்கமான கணவர் வெளியே பிளாஸ்க்கில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். வேறொரு நாட்டில், பூமிக்கு அடியில் துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரிய கூடம் ஒன்றுக்குக் கருவிகள் செய்து தருவது அவர் வேலை. இயற்பியல் கட்டடத்தில் உள்ள ஒரு சின்ன இயந்திரத்தில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சி அந்தக் கருவிகளைச் சோதிப்பார். அந்தக் கூடத்திலேயே வேலையும் கிடைத்துவிட்டது. இரண்டு மாதத்தில் பயணம்.

"வீட்டம்மாவும் வர்றாங்களா?"

"படிப்பு முடிச்சுட்டுத்தான் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. இனிமே இங்க இருந்து என்ன பண்ணப் போறா, பாவம்."

சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தார். காப்பி நன்றாக இருந்தது. இன்ஸ்பெக்டர் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

போகும் முன் இரண்டு பல்லிகளின் இடது கையைத் தன் எதிரிலேயே வெட்டச் சொன்னார். ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு இல்லை. தினமும் தீனியும் மருந்தும் போட மட்டும் கான்ஸ்டபிளோடு மாணவி உள்ளே போகலாம். மற்றபடி அறைக்குப் போலீஸ் பூட்டு. இன்ஸ்பெக்டர் நம்மிடம் பிஎச்.டி. சேர்ந்துவிட்டார் என்று பேராசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து, காலை 10 மணி.

எல்லோரையும் நிற்கவைத்துப் பூட்டைத் திறந்தார். இரண்டு பல்லிகளுக்கும் இடது கை வளர்ந்துகொண்டிருந்தது. வலது கை அதே மொண்ணை.

"தண்ணியில எதைக் கலந்திருந்தாலும் இது வளர்ந்திருக்காது. அன்னிக்குப் பார்த்த வாலும் வளர்ந்திருக்காது. அதே தண்ணி, அதே பல்லி. வலது கை மட்டும் செத்திருக்கு. மூணாவது வழிதான், கதிர்வீச்சு. மெஷின் பக்கத்துக் கட்டடத்துல இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

குளிருக்குக் கொண்டுபோன இடத்தில் தவறுதலாகப் பட்டிருக்கலாமே என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

"தவறிப் பட்டா உடம்பு முழுக்கப் படும். பல்லி சீக்கு வந்து செத்துப்போகும். செத்தா யாரோ கெடுத்துட்டாங்கன்னு இவங்க பொழச்சிருப்பாங்க. பல்லி நல்லா இருக்கணும், கை மட்டும் வரக் கூடாது. அப்பத்தான் இவங்க பொய்க்காரின்னு ஆகும். அதுக்காகப் பன்னிரண்டையும் மயக்கி, ஈயக் கட்டியால மூடி, வலது கையை மட்டும் வெளிய விட்டு அடிச்சிருக்கீங்க. இங்க எல்லாரும் இடது கைன்னு நினைச்சிட்டு இருந்தப்போ, உங்களுக்கு மட்டும் எப்படி சார் வலதுன்னு தெரிஞ்சுது?"

பதில் சொன்னது மாணவி.

"வீட்ல சொன்னேன். சாப்பிடும்போது."

உன்னை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, தோற்றுவிட்டால் கூடவே வந்துவிடுவாய் என்று நினைத்தேன் என்று கணவர் ஆரம்பித்தார். இப்படிப்பட்ட காரியத்தைப் பண்ணிவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைக்க அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. ரெண்டு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன் என்று வேறு சொன்னார்.

மாணவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து நீங்க, வாங்க என்றே பேசி வந்தவள்.

"என்னுதை கேன்சல் பண்ணிடு" என்றாள்.

"ரெண்டையும் பண்ணிடுங்க சார். கீழ ஜீப் நிக்குது" என்றார் இன்ஸ்பெக்டர்.

கணவரைக் கான்ஸ்டபிள் அழைத்துப் போனார். அதற்குள் பேராசிரியர் தொட்டியின் மேல் குனிந்துவிட்டார். மருந்து போடாத பல்லிக்கு வெறும் மொட்டுதான் வந்திருந்தது. மருந்து போட்டதற்கு நான்கு விரல்களும் பிரிந்து நின்றன. அவர் முகம் மலர்ந்தது. நிபுணர் குழுவுக்குப் போன் போட்டு, "நாங்க கண்டுபிடிச்சது சரியாத்தான் இருக்கு" என்றார்.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தக் கைல வந்திருக்குன்னும் சொல்லிடுங்க சார்."

பேராசிரியர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, மறுபடி தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்.