சுண்டுவிரல் பிசிறு

ஞாயிறு அரை ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்ததும் ராமுத்தாய்க்கு முதலில் உறைத்தது, வீட்டில் நாற்றம் இல்லை என்பதுதான். ஒரு மாதமாக ஜன்னல் இல்லாத அந்த லைன் வீட்டு ஒற்றை அறையில், பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசத்தையும் அமுக்கிக்கொண்டு, அவள் புருஷன் முனீஸின் காலில் சர்க்கரைப் புண் நாறிக்கொண்டிருந்தது. நாளைக்கு முழங்காலோடு எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் போனால் டெய்லர் எதை வைத்து மிஷினை மிதிப்பான்?

அதனால்தான் திருடினாள். அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் புதிதாக ஒரு கண்ணாடி அறை. மயிரைவிட மெல்லிய இழையில் செம்புப் பொடி கலந்து, புண்ணுக்குக் கட்டும் துணி அங்கே தயாராகிறது.

"பொடிக்குள்ள கூடு கூடா இருக்குதுங்க்கா. அதுக்குள்ள இருக்கற செம்பு கிருமியைக் கொன்னுரும்," என்றாள் அங்கே வேலை செய்யும் நித்யஸ்ரீ. "ஆனா இன்னும் மனுசங்களுக்குப் போட்டுப் பார்க்கலீங்க."

கடைசியாகச் சொன்னதை ராமுத்தாய் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நேற்றுச் சாயந்தரம் அந்தத் துணியில் ஒரு துண்டை இடுப்பில் ஒளித்து வந்து கட்டிவிட்டாள்.

"வலிக்கா?" என்று இப்போது முனீஸிடம் கேட்டாள்.

"இல்ல புள்ள. காலு இருக்கதே தெரியல."

மகராசி நித்யஸ்ரீ, நீ நல்லா இருக்கணும்! குளிர்ந்த மனதோடு கட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள். துணியின் ஓரம் கிடைக்கவில்லை. பாதத்தைச் சுற்றிச் சுற்றித் தடவியும் ஒரு மடிப்புக்கூடத் தட்டுப்படவில்லை. மின்விசிறியின் கடகடப்புக்கும் அடுத்த வீட்டு டிவிச் சத்தத்துக்கும் அடியில், பட்டுப்புழு இலை தின்பதுபோல் என்னவோ மெதுவாக அரித்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரலில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகச் செக்கிங்கில் பனியனுக்குப் பிசிறு வெட்டிய கை சும்மா இருக்குமா? கழுத்தில் தொங்கிய கத்தரியால் நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

வெட்டிய நுனியில் ரத்தம் துளிர்த்தது.

ஐயோ. துணியில் ஓட்டை பார்ப்பதுபோல் காலைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். கனமே இல்லை. வெளிச்சம் ஊடுருவி வந்தது. எலும்பு இல்லை. நரம்பு இல்லை. முழங்கால்வரை வெறும் வெள்ளைத் துணி.

"ஏங்க... அசையாதீங்க."

"வாயில நூலு உறுத்துது புள்ள," என்ற முனீஸ், உதட்டோரம் தொங்கிய அதே வெள்ளை இழையைப் பிடித்து இழுத்தான்.

பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டால் பின்னல் கடைசிவரை பிரிந்து ஓடும். அவளுக்குத் தெரியாதா?

"இழுக்காதீங்க!"

அவள் கையில் பிடித்திருந்த காலின் சுண்டுவிரல் வரிசை வரிசையாகப் பிரிந்தது. அடுத்த விரல். பாதம். கணுக்கால்.

"வலிக்கவே இல்ல புள்ள," என்று சிரித்தபடி அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். அவள் மடியில் நூல் சூடாகக் குவிந்தது.