முன்சக்கரத்துக்கு ஒரு சிகிச்சை

அந்த அலறல் மலைச்சரிவு முழுக்கக் கேட்டது.

அலறியவர் பல் டாக்டர்.

இத்தனை வருஷமாக அடுத்தவர்களை அலற வைத்தே பழக்கப்பட்டவர். தன் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று அவருக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் உட்கார்ந்திருந்த மலை சைக்கிள் சரிவில் பாய்ந்துகொண்டிருந்தது. முன்பிரேக்கை விரல் வெளுக்கப் பிடித்தார்...

ம்ஹூம்!

பின்பிரேக்கைப் பிடித்தார். பின்சக்கரம் சரளைக்கல்லில் வழுக்கிக்கொண்டு வந்ததே தவிர, வேகம் குறையவில்லை.

'எப்படி... எப்படி? நான் எண்ணெய் விட்டது அவன் வண்டியிலதானே!'

எண்ணெய் விட்ட கதை காலையில் நடந்தது.

டாக்டருக்கு ஒரே தங்கை. தங்கைக்கு ஒரே புருஷன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். டாக்டரின் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரே ஆளும் அந்த மாப்பிள்ளைதான்.

ஊரில் வருஷா வருஷம் மலை சைக்கிள் பந்தயம் நடக்கும். தொழில்முறைப் பந்தயம் இல்லை. வக்கீல், வாத்தியார், கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மூன்று வருஷமாக முதல் இடம் மாப்பிள்ளைக்கு. இரண்டாவது இடம் டாக்டருக்கு. மாப்பிள்ளை வாங்கிய அதே மாடல் சைக்கிளை அதே கடையில் வாங்கிப் பார்த்தார். அதே ஹெல்மெட், அதே கையுறை. அப்படியும் அதே இரண்டாவது இடம்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

போன வருஷக் கோப்பையில் மாப்பிள்ளை வெங்காயம் போட்டு வைத்திருந்தான். டாக்டர் சாப்பிட வரும்போதெல்லாம், "மச்சான், உங்களுக்குக் கை எட்டுதா? அந்தக் கப்புலேருந்து ரெண்டு வெங்காயம் எடுங்களேன்" என்பான்.

அந்த வெங்காயம்தான் அவரைக் குற்றவாளி ஆக்கியது.

'கொலையெல்லாம் இல்லை. தங்கச்சி வாழ்க்கை இருக்கே... முன்பிரேக் மட்டும் போனால் போதும். பயந்துபோய் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு வருவான்.'

நோயாளிகளிடம் தினமும் சொல்வதையே தனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். 'வலிக்கவே வலிக்காது.'

வண்டிகளை ஒரு கூடாரத்தில் நிறுத்திவிட்டு எல்லோரும் விதிமுறை கேட்கப் போயிருந்தார்கள். டாக்டர் மட்டும் பின்தங்கினார். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சிரிஞ்சை எடுத்தார். மாப்பிள்ளை வண்டியின் முன்சக்கரத்தில், பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டில்... இந்தப் பக்கம் ஒரு சொட்டு. அந்தப் பக்கம் ஒரு சொட்டு. துணியால் ஒரு தடவல்.

எண்ணெய் பட்ட தட்டில் பிரேக் வழுக்கும். சிகிச்சை முடிந்தது.

பந்தயம் தொடங்கியது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. தன் முன்சக்கரம் லேசாக ஆடுவதுபோல மட்டும் டாக்டருக்குப் பட்டது. ஆடுவது தன் மனசுதான், பழி மட்டும் சக்கரத்துக்கு என்று விட்டுவிட்டார்.

உச்சியை முதலில் தொட்டு இறங்கியவன் மாப்பிள்ளை. டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். முதல் வளைவு... மாப்பிள்ளை பிரேக் பிடித்தான்...

வண்டி சமர்த்தாக வேகம் குறைந்து திரும்பியது!

டாக்டர் தன் பிரேக்கைப் பிடித்தார்.

அப்புறம்தான் அந்த அலறல்.

"மச்சான், மெதுவா...!" என்று கத்திய மாப்பிள்ளையைத் தாண்டினார். பந்தயம் முடியும் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார். பரிசு மேஜையையும் தாண்டியிருப்பார். குறுக்கே அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகள் விடவில்லை.

கண் திறந்தபோது இடுப்பில் ஏதோ குத்தியது. பின்பாக்கெட் சிரிஞ்ச். அதற்கப்புறம்தான் கைதட்டல் கேட்டது.

"நீ ஜெயிச்சிட்டேண்ணா!" தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த மலையை இவ்வளவு வேகத்தில் இதற்கு முன் யாரும் இறங்கியதில்லை என்று ஒலிபெருக்கி புகழ்ந்தது. உயிருள்ள யாரும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கோப்பை டாக்டர் கைக்கு வந்தது.

கூடவே இன்ஸ்பெக்டரும் வந்தார்.

பாதுகாப்புக்காக வந்திருந்தவர். கவிழ்ந்து கிடந்த சைக்கிளின் பக்கத்தில் குந்தி மூக்கை உறிஞ்சினார்.

"என்ன டாக்டர், கிராம்பு வாசனை தூக்குது?"

"கிராம்பா? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

உண்மையைத்தான் சொன்னார். சைக்கிள் எண்ணெய் வாங்கினால் கடைக்காரன் சாட்சி சொல்வான் என்று, கிளினிக் அலமாரியில் கைக்கு வந்த பாட்டிலை எடுத்திருந்தார். பல்வலிக்கு வைக்கும் கிராம்பு எண்ணெய். அதோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்தியதில் அந்த வாசனைக்கு அவர் மூக்கு மரத்தே போயிருந்தது. அது மணக்கும் என்ற ஞாபகமே இல்லை.

சூடான தட்டில் அது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு நல்லாவே அடிக்குது. போன மாசம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குனீங்களே, வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லி... அன்னியிலேருந்து இந்த வாசனை வந்தாலே எனக்குக் கண்ணு கலங்கிடும்." இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவிக்கொண்டார். "யாரோ உங்க பிரேக்குல கை வெச்சிருக்காங்க டாக்டர். உங்களைத் தீர்த்துக்கட்டப் பாத்திருக்காங்க."

உங்களை!

டாக்டருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் போன உயிர் திரும்பி வந்தது. வண்டி அவருடையது. அப்படியானால் பாவப்பட்ட ஆளும் அவர்தான்!

கோப்பையும் அவருக்கு. அனுதாபமும் அவருக்கு.

டாக்டர் தோற்றால் யாருக்கு லாபம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்போதுதான் வந்து இறங்கிய மாப்பிள்ளை பக்கம் கூட்டம் முழுக்கத் திரும்பியது. அவன் கையுறையைக் கழற்றச் சொல்லி இன்ஸ்பெக்டர் முகர்ந்தார். கண் கலங்கியது.

"கிராம்பு."

மாப்பிள்ளை சமீபத்தில் கிளினிக் பக்கம் வந்தானா என்று அடுத்த கேள்வி டாக்டருக்கு வந்தது.

அவன் வரவே இல்லை. அதை ஒரு வார்த்தையில் சொன்னால் போதும். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தலையைக் குனிந்தார். கையில் கோப்பை. அதற்குள் அவருக்கு மட்டும் இரண்டு வெங்காயம் தெரிந்தது.

"முந்தாநாள் வந்தார் சார், பல்லு அடைச்சுக்க. கொஞ்ச நேரம் ரூம்ல தனியா இருந்தார். பாட்டில் மேஜை மேலதான் இருந்துச்சு... தங்கச்சி புருஷன். என் வாயால நான் என்னத்தைச் சொல்ல?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

"நீங்களா? எங்கண்ணனையா?" தங்கை புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

"ஐயோ, நான் எண்ணெயைத் தொடவே இல்லைடி! நான் வீலைத்தான் மாத்தினேன்!"

"எந்த வீலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே உண்மையைக் கொட்டினான். நேற்று பயிற்சியில் கல்லில் மோதி அவன் முன்சக்கரம் கோணிக்கொண்டது. காலையில் விதிமுறை கேட்டுவிட்டு எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது, தன் சக்கரத்தைப் பிரேக் தட்டோடு கழற்றி மச்சான் வண்டியில் மாட்டிவிட்டு, மச்சானின் நல்ல சக்கரத்தைத் தன் வண்டிக்குப் போட்டுக்கொண்டான். ஒரே மாடல், கச்சிதமாகப் பொருந்தியது.

"கோணல் வீலை வெச்சுக்கிட்டு நீங்க ஜெயிக்க மாட்டீங்கன்னு நினைச்சிட்டேன் மச்சான். மன்னிச்சிடுங்க."

நேற்று அந்தக் கோணலைத் தானும் பார்த்ததாகத் தங்கை சொன்னாள். இன்ஸ்பெக்டர் சக்கரத்தைச் சுழற்றினார். அது இடுப்பை ஆட்டி ஆட்டிச் சுற்றியது. சுற்றச் சுற்றக் கிராம்பு மணந்தது.

அவர் மெல்ல எழுந்தார்.

"மாப்பிள்ளை எண்ணெய் விட்டிருந்தா உங்க வீல்லயே விட்டிருப்பார். கழட்டி மாட்டுற பாடு எதுக்கு? ஆக, எண்ணெய் விட்ட ஆளுக்கு வீல் மாறினது தெரியாது. அவன் குறி வெச்சது மாப்பிள்ளையை." ஒரு எட்டு முன்னால் வந்தார். "விழுந்ததிலேருந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்களே... பின்பாக்கெட்ல என்ன டாக்டர்?"

சிரிஞ்ச் வெளியே வந்தது.

 தங்கை அண்ணன் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். டாக்டர் அவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

பல் பிடுங்கிய நாளுக்கப்புறம் முதல் தடவையாக இன்ஸ்பெக்டர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வாயைத் திறங்க டாக்டர்... வலிக்கவே வலிக்காது."